ஆச்சி, அந்தக் கடனை வாங்காதீர்கள்

போன வாரம் தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண் பி.காம். முடித்திருக்கிறாள், ப்ராடக்ட் மேனேஜர், அதாவது ஒரு மென்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர், ஆக வேண்டும் என்கிறாள். சென்னையில் இருக்கும் அம்மான், 16 லட்சம் கடன் வாங்கிக் கட்டி ஒரு தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. சேர்த்தால் நேராக அந்த நாற்காலிதான் என்று சொல்லிவிட்டாராம். முதலில் சமாதானமாகத்தான் பேசினேன். தொகையைக் கேட்டதும் என்னால் முடியவில்லை.

ஆச்சி, கணக்கைப் பாருங்கள். பொதுவாக ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி வீடோ நிலமோ ஈடு கேட்கும். 11 சதவீத வட்டியில் பத்து வருடத்துக்கு 16 லட்சம் என்றால் மாதம் சுமார் 22,000 ரூபாய், படிக்கிற காலத்தில் ஏறும் வட்டி தனி. இத்தனையும் கட்டினாலும் அந்த வேலை உறுதியில்லை, ஏனென்றால் எதைச் செய்வது, எதை விடுவது என்று முடிவெடுக்கிற வேலை அது. வாடிக்கையாளரை அறியாதவரிடம் அதை யாரும் எளிதில் கொடுப்பதில்லை. அந்தக் காலத்தில் ரங்கூனில் நம்மவர் வட்டிக்கடைக்குப் போன பிள்ளைகளும் எடுபிடியான பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, துணை ஆளான அடுத்தாளாகி, அப்புறம்தானே கடையை நடத்தும் மேலாள் ஆனார்கள்?

சொந்தக்காரர்கள் 'போன் எடுக்கிற வேலை' என்று இளக்காரமாகச் சொல்லும் கஸ்டமர் சப்போர்ட்டைத்தான் நான் சொல்வேன், அதுவும் சொந்தமாக மென்பொருள் செய்து விற்கிற கம்பெனியில். 'பில் இறங்கவில்லை' என்று நாற்பது பேர் எழுதுவார்கள், நாற்பது பேருக்கும் பதில் போட்டுவிட்டு எழுந்துபோகலாம். இல்லை, அவற்றை வகை பிரித்து, ஐந்து பேரைக் கூப்பிட்டு, 'இந்த வசதி வேண்டுமா' என்று கேட்காமல் 'கடைசியாக எப்போது மாட்டிக்கொண்டீர்கள், அப்போது என்ன செய்தீர்கள்' என்று கேட்டு, யாருக்குச் சிக்கல், எத்தனை பேருக்கு, சரிசெய்தால் எந்த எண்ணிக்கை மாறும் என்று ஒரே பக்கத்தில் எழுதி இன்ஜினியரிடம் கொடுக்கலாம். இரண்டாவதைச் செய்கிறவளை ப்ராடக்ட் டீம் கவனிக்கும். கூடவே எஸ்.க்யூ.எல். கற்கட்டும், கம்பெனியின் தரவுகளிலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்கும் கணினி மொழி அது, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எத்தனை வருடத்தில் மாறுவாள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆனால் முதல் மாதத்திலிருந்தே சம்பளம் வரும்.

'இவ எதையும் நோண்டிக்கிட்டே இருப்பா' என்று குறையாகச் சொன்னீர்களே, அதுதான் இந்த வேலைக்கான மூலதனம். அவளுக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறேன். ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறையில் ஒரு மாதம் உட்கார்ந்து, ஆர்டர் எங்கே பிசகுகிறது என்று நோட்டில் எழுத வேண்டும். வாட்ஸ்அப் படத்தில் பார்த்த நிறமும் கண்ணாடி மேல் கையால் ஊற்றி வார்த்த கல்லின் நிறமும் ஒன்றாக இருக்காது, சண்டை அங்கேதான் வரும் என்று நினைக்கிறேன். அவள் வேறு காரணம் கண்டுபிடித்தால் இன்னும் நல்லது. உடனே ஆப் செய்யக் கிளம்பக் கூடாது. மாதிரிக் கல் ஒன்றை முன்னதாக அனுப்பிப் பார்த்து, புகார் குறைகிறதா என்று எண்ணட்டும். இன்டர்வியூவில் காட்ட அந்த நோட்டு போதும்.

திங்கட்கிழமை அவளை ஆத்தங்குடிக்கு அனுப்புங்கள். அம்மானிடம் நான் பேசுகிறேன்.