கொரோனா வைரஸுக்கு ஆண்டிபயாட்டிக் வேலை செய்யாதே, பிறகு ஏன் அந்தக் காலத்தில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் மருத்துவமனைகளில் பெருகின?

தேவையில்லாமல் ஆண்டிபயாட்டிக் கொடுத்ததுதான் காரணம் என்று பலரும் முடித்துவிடுகிறார்கள். அது பாதிதான். மீதிப் பாதி, ஐசியுவில் கைச்சுத்தமும் சென்ட்ரல் லைன் (மருந்து ஏற்றப் பெரிய ரத்தக்குழாய்க்குள் செருகும் குழாய்) பராமரிப்பும் குலைந்தது.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் கணக்கைப் பாருங்கள். 2012 முதல் 2017 வரை மருந்தை எதிர்க்கும் கிருமிகளால் நேர்ந்த இறப்பு 18% குறைந்திருந்தது. 2020இல் மருத்துவமனையில் தொற்றிய எதிர்ப்புக் கிருமி நோய்களும் இறப்புகளும் குறைந்தது 15% ஏறின. கார்பபெனெம் என்ற வலுவான ஆண்டிபயாட்டிக்குக்கும் அடங்காத அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவின் தொற்று 78% கூடியது. சென்ட்ரல் லைன் வழியான ரத்தத் தொற்று, அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் முந்தைய ஆண்டைவிட 47% அதிகம். ஆனால் ஆண்டிபயாட்டிக்கோடு நேரடித் தொடர்புள்ள சி. டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் வயிற்றுப்போக்கு கூடவில்லை, குறைந்தது. பரிசோதனை குறைந்ததும் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனாலும் மருந்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்பதற்கு இது முக்கியமான தடயம்.

வார்டில் நடந்தது என்ன? மூச்சுக்குத் திணறுபவரைப் பல மணி நேரம் குப்புறப் படுக்கவைத்தார்கள். கழுத்திலுள்ள லைன் இழுபட்டு, எச்சில் பட்டு டிரெஸ்ஸிங் ஓரம் கிளம்பியது, அதைப் பார்க்கவும் முடியவில்லை. அறைக்குள் போவதைக் குறைக்க மருந்து ஏற்றும் பம்பை வெளியே வைத்து நீள டியூப் மாட்டினார்கள். இணைப்பு கூடக் கூடக் கிருமி நுழையும் வாசலும் கூடும். இரட்டைக் கையுறை போட்டு, அதன் மேலேயே சானிடைசர் தடவி அடுத்த படுக்கைக்குப் போனார்கள். அசினெட்டோபாக்டர் உலர்ந்த பரப்பில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். கையுறை, அதை அணிந்தவரைக் காக்கும். மாற்றாவிட்டால் அடுத்த நோயாளியைக் காக்காது.

செய்ய வேண்டியவை புதியவை அல்ல. லைன் போடும்போது நோயாளியை முழுதும் மூடும் ஸ்டெரைல் விரிப்பு, தோலைச் சுத்தம் செய்ய 2% குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஆல்கஹால், அது தானாகக் காயும்வரை காத்திருப்பது. ஒவ்வொரு முறை ஊசி ஏற்றும் முன்பும் ஹப்பை (லைனின் வெளிமுனையில் ஊசி இணையும் இடம்) 15 விநாடி அழுத்தித் தேய்த்துக் காயவிட வேண்டும். அவசரத்தில் முதலில் விட்டுப்போவது இதுதான். ஒளிபுகும் டிரெஸ்ஸிங் 7 நாளுக்கு ஒருமுறை, காஸ் துணி என்றால் 2 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நனைந்தாலோ கிளம்பினாலோ உடனே.

மருந்துப் பக்கம்: உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி, கொரோனாவுக்காகச் சேர்க்கப்பட்டவர்களில் ஆண்டிபயாட்டிக் தேவைப்படும் பாக்டீரியா தொற்று இருந்தவர்கள் 8%தான், மருந்து பெற்றவர்களோ சுமார் 75%. முதல் டோஸுக்கு முன் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) எடுக்க வேண்டும்: வெவ்வேறு இடங்களில் குத்தி இரண்டு செட், பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. ரத்தம் குறைந்தால் கிருமி இருந்தும் முடிவு நெகட்டிவ் என்று வரும். 48 முதல் 72 மணி நேரத்தில் முடிவைப் பார்த்து, அந்தக் கிருமிக்கு மட்டுமான மருந்தாகச் சுருக்க வேண்டும், அல்லது நிறுத்த வேண்டும். கொரோனாவில் அழற்சியைத் தணிக்கத் தரும் டோசிலிசுமாப் பெற்றவருக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம், சிஆர்பி என்ற ரத்த அழற்சி அளவும் ஏறாமல் இருக்கலாம். அதை நம்பினால் உண்மையான தொற்றைத் தவறவிடுவோம்.

உங்கள் வீட்டார் ஐசியுவில் இருந்தால் டாக்டரிடம் தினமும் கேளுங்கள்: "இந்த லைன் இன்னைக்கும் தேவையா டாக்டர்? கல்ச்சர் ரிசல்ட் வந்துச்சா?" தேவை முடிந்த அன்றே லைனை எடுப்பதுபோல் தொற்றைத் தடுக்கும் வழி வேறில்லை.