ஒரே குட்டையில் ஊறிய மட்டைகளா?

கேள்வி: அமெரிக்காவில் ஹெல்த் கேர் விஷயத்தில் இரண்டு கட்சிகளும் வருடக்கணக்கில் அடித்துக்கொள்கின்றன. ஆனால் இரண்டு பேருக்கும் தேர்தல் செலவுக்குப் பணம் கொடுப்பது அதே மருந்துக் கம்பெனியும் இன்சூரன்ஸ் கம்பெனியும்தான். எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். இந்தச் சண்டையைப் போய்ப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறீர்களே, ஏன்?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: நீங்கள் சொல்வதில் பாதி சரி, பாதி தப்பு. சரியான பாதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது நீங்கள் எழுதியிருப்பதைவிடவும் மோசமானது.

2003 நவம்பர் 22, விடிகாலை மூன்று மணி. வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபையில் ஒரு மசோதாவுக்கு ஓட்டெடுப்பு ஆரம்பமாகிறது. மெடிகேர் என்பது 65 வயது தாண்டியவர்களுக்கு அரசாங்கமே தரும் காப்பீடு. அதுவரை அதில் கடையில் வாங்கும் மாத்திரை மருந்துக்கு இடமில்லை, அதைச் சேர்ப்பதற்கான மசோதா அது. இந்த மாதிரி ஓட்டெடுப்புக்கு வழக்கமாக 15 நிமிடம் கொடுப்பார்கள். அன்றைக்குப் பலகையில் எண்ணிக்கை தோல்வி என்று காட்டியதும், சபையை நடத்திய குடியரசுக் கட்சித் தலைமை ஓட்டெடுப்பை முடிக்கவே இல்லை, கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் இழுத்தார்கள், உறுப்பினர்களை மூலைக்கு மூலை மடக்கிப் பேசினார்கள், அதிபர் புஷ்ஷே தொலைபேசியில் கூப்பிட்டார். ஆறு மணிக்குச் சற்று முன் 220-க்கு 215 என்று நிறைவேறியது.

அந்தச் சட்டத்துக்குள் ஒரு விதி இருந்தது. மருந்து விலையைப் பற்றி அரசாங்கம் கம்பெனிகளோடு பேரம் பேசக் கூடாது. சந்தையில் பத்துத் தேங்காய் வாங்குகிறவர்கூட விலையைக் கேட்டுக் குறைத்து வாங்குவார், சுமார் நாலு கோடிப் பேருக்கான காப்பீட்டை நடத்தும் அரசாங்கம் வாயைத் திறக்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். சபையில் அந்த மசோதாவைக் கையாண்ட கமிட்டிகளில் ஒன்றுக்குத் தலைவர் லூசியானாவைச் சேர்ந்த பில்லி டவுசின். ஜனநாயகக் கட்சியில் ஜெயித்து வந்து 1995-இல் குடியரசுக் கட்சிக்குத் தாவியவர். 2005 ஜனவரியில் அவர் மருந்துக் கம்பெனிகளின் சங்கத்துக்குத் தலைவராகப் போய் உட்கார்ந்தார். சம்பளம் வருடத்துக்குச் சுமார் 20 லட்சம் டாலர் என்று செய்தி வந்தது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது. 2008 தேர்தலில் ஒபாமா இதே டவுசின் கதையை வைத்துத் தொலைக்காட்சி விளம்பரமே எடுத்தார், அந்த விளம்பரத்தின் பெயரே 'பில்லி'. நான் வந்தால் ஹெல்த் கேர் பேச்சுவார்த்தையெல்லாம் டிவி காமிராவுக்கு முன்னால்தான் நடக்கும் என்றார். 2009-இல் அதே டவுசினோடு அவருடைய ஆட்களே மூடிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து பேசினார்கள். மருந்துக் கம்பெனிகள் பத்து வருடத்தில் 8,000 கோடி டாலர் அளவுக்கு விட்டுக்கொடுக்கும், ஒபாமா கொண்டுவரவிருந்த ஹெல்த் கேர் சீர்திருத்தத்தை ஆதரித்து விளம்பரம் செய்யும். பதிலுக்கு அரசாங்கம் மெடிகேரில் விலைப் பேரம் பேசுவதையும், வெளிநாட்டிலிருந்து மலிவாக மருந்து தருவிப்பதையும் கையில் எடுக்காது. இதுதான் ஒப்பந்தம்.

இன்சூரன்ஸ்காரர்கள் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய சங்கம் 2009-இல் வெள்ளை மாளிகையோடு உட்கார்ந்து சீர்திருத்தத்துக்கு ஒத்துழைப்பதாகப் பேசிக்கொண்டிருந்தது. அதே வருடம், அந்தச் சட்டத்தை எதிர்த்து விளம்பரம் செய்துகொண்டிருந்த அமெரிக்க வர்த்தக சபைக்கு 8.6 கோடி டாலர் கொடுத்திருக்கிறது. விஷயம் வெளியே வந்தது 2010 கடைசியில், சட்டம் நிறைவேறி மாதங்கள் ஆன பிறகு. தனியார் இன்சூரன்ஸோடு போட்டி போட அரசாங்கமே ஒரு காப்பீட்டை விற்கலாம் என்றொரு யோசனை இருந்தது. நாடாளுமன்றத்தின் மேல்சபையான செனட்டில் 60 ஓட்டு தேவைப்பட்ட நேரத்தில், அது இருந்தால் என் ஓட்டு கிடையாது என்று லீபர்மன் நின்றார். 2000-இல் ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்றவர், இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் பேர்போன கனெக்டிகட் மாநிலத்துக்காரர். யோசனை செத்தது. 2010 ஜனவரி 21-இல் உச்ச நீதிமன்றம், தேர்தல் பிரசாரத்துக்குக் கம்பெனிகள் தனியாக எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது.

ஆக, விலை என்ற இடத்தில் பணம் இரண்டு கட்சி வாயையும் அடைத்தது. இதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை.

ஆனால் இதிலிருந்து நீங்கள் 'எல்லாரும் ஒன்றுதான்' என்ற முடிவுக்குத் தாவுகிறீர்கள் பாருங்கள், அங்கேதான் உங்களை விட்டுவிட எனக்கு மனமில்லை. காப்பீடே இல்லாதவனுக்கு அது கிடைக்குமா என்ற கேள்வியில் இரண்டு கட்சியும் ஒன்று கிடையாது. ஒபாமா சட்டத்துக்கு 2009 டிசம்பர் 24-இல் செனட்டில் 60-க்கு 39, 2010 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் 219-க்கு 212. இரண்டிலும் ஆதரவாகக் குடியரசுக் கட்சியின் ஓட்டு ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் எல்லாரும் காப்பீடு வாங்கியே ஆகவேண்டும் என்ற அதன் அடிப்படையை 1989-இல் எழுதி வைத்தது வலதுசாரி ஆய்வு அமைப்பான ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன், 2006-இல் மாசசூசெட்ஸில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது குடியரசுக் கட்சியின் மிட் ராம்னி. தங்கள் வீட்டுச் சரக்கையே எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். மருந்துக் கம்பெனிகள் அந்தச் சட்டத்தை ஆதரித்தன என்பதையும் சேர்த்துப் பாருங்கள், பணம் மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்ற உங்கள் கணக்கு அங்கேயே உதைக்கிறது.

சட்டம் என்ன செய்தது? ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சொல்லி ஒருவருக்குக் காப்பீடு தர மறுக்கக் கூடாது என்றாக்கியது. வாங்கும் பிரீமியத்தில் குறைந்தது 80 சதவீதத்தை வைத்தியத்துக்கே செலவழிக்க வேண்டும், இல்லையென்றால் திருப்பித் தர வேண்டும் என்றது. 2010-இல் காப்பீடு இல்லாதவர்கள் சுமார் 4.8 கோடிப் பேர், 2016-இல் சுமார் 2.8 கோடி. இரண்டு கோடி மனிதர்கள்.

டெக்சர்கானா என்று ஓர் ஊர் இருக்கிறது. பாதி டெக்சாஸ் மாநிலத்தில், பாதி அர்கன்சாஸில். நடுவில் ஓடும் தெருவின் பெயரே ஸ்டேட் லைன் அவென்யூ, தபால் ஆபீஸ்கூட எல்லைக்கோட்டின் மேலேயே நிற்கிறது. ஏழைகளுக்கான மெடிகெய்டு காப்பீட்டை விரிவாக்குவது மாநிலங்களின் இஷ்டம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசு தந்தும் டெக்சாஸ் இன்றுவரை வேண்டாம் என்கிறது. அர்கன்சாஸ் 2014-இல் விரிவாக்கியது. அங்கே ஆளுநர் ஜனநாயகக் கட்சி, சட்டமன்றத்தில் குடியரசுக் கட்சிக்காரர்களும் சேர்ந்து ஓட்டுப் போட்டார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். இப்போது ஓட்டலில் பாத்திரம் கழுவும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள், பிள்ளை இல்லை, ஊனம் இல்லை, வறுமைக்கோட்டுக்குக் கீழே வருமானம். தெருவின் ஒரு பக்கம் வீடு இருந்தால் அவருக்குக் காப்பீடு உண்டு. எதிர்ப்பக்கம் இருந்தால் மெடிகெய்டும் இல்லை, பிரீமியம் கட்ட அரசு மானியமும் இல்லை, ஏனென்றால் அந்த மானியத்துக்கு அவருடைய வருமானம் போதாது. போதாது என்பதைத் தப்பாகப் படித்துவிட்டோமோ என்று திரும்பப் படிக்காதீர்கள், சரியாகத்தான் படித்தீர்கள். அந்த எதிர்ப்பக்கத்து ஆளிடம் போய் இரண்டு கட்சியும் ஒன்றுதான் என்று என்னால் சொல்ல முடியாது.

2017 ஜூலை 28-ஐயும் மறந்துவிட்டீர்கள். ஒபாமா சட்டத்தின் முக்கியப் பகுதிகளை ஒழிக்க வந்த மசோதா நிறைவேறினால் 1.6 கோடிப் பேர் கூடுதலாகக் காப்பீடு இல்லாமல் போவார்கள் என்று நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகமே கணக்குக் கொடுத்திருந்தது. செனட்டில் நடுராத்திரி தாண்டி ஓட்டெடுப்பு. மூளைப் புற்றுநோய் என்று தெரிந்து சில நாட்களே ஆகியிருந்த ஜான் மெக்கெய்ன், இடது கண்ணுக்கு மேலே அறுவை செய்த தழும்போடு சபையின் முன்னால் வந்து நின்று, கையை நீட்டி, கட்டைவிரலைக் கீழே காட்டினார். 49-க்கு 51. அவரும் காலின்ஸும் மர்கவ்ஸ்கியும், மூன்று பேரும் குடியரசுக் கட்சிக்காரர்கள்தான். மூன்று பேரில் ஒருவர் மாறியிருந்தாலும் கதை வேறு.

சரி, விலைப் பேரம் என்ன ஆயிற்று? 2003-இல் போட்ட பூட்டை 2022-இல்தான் திறந்தார்கள், பத்தொன்பது வருடம். அதற்கான சட்டம் செனட்டில் 50-50 என்று நின்று துணை அதிபர் கமலா ஹாரிஸின் ஓட்டில் நிறைவேறியது, மறுபடியும் குடியரசுக் கட்சியிலிருந்து ஆதரவு பூஜ்யம். ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே சிலர் முட்டுக்கட்டை போட்டதில் திட்டம் சுருங்கி, முதல் சுற்றில் பத்தே மருந்துகள். அதையும் எதிர்த்துக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. குறைந்த விலை 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தின அக்டோபரிலிருந்து இதே நாட்டின் அரசாங்கம், பிரீமியத்துக்கான கூடுதல் மானியத்தை நீட்டிப்பதா வேண்டாமா என்ற சண்டையில் 43 நாள் முடங்கிக் கிடந்தது. நீட்டிக்காமலேயே வருடக் கடைசியில் அந்த மானியம் காலாவதியானது.

ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டீர்கள். அதே 2022 ஆகஸ்டில் செனட்டில் இன்னொரு ஓட்டெடுப்பும் நடந்தது. இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்ற விதி மெடிகேர்காரர்களுக்கு நிலைத்துவிட்டது. தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கும் அது வேண்டுமென்றால் சபை விதிப்படி 60 ஓட்டு வேண்டும். இன்சுலின் இல்லாமல் சில நாட்கள்கூடத் தாங்காத உடம்புகள் இருக்கின்றன, பணம் போதாமல் ஊசியின் அளவைக் குறைத்துக் குறைத்துப் போட்டுக்கொண்டு செத்துப்போனவர்களும் அந்த நாட்டில் இருக்கிறார்கள். ஓட்டு 57-க்கு 43. ஜனநாயகக் கட்சிப் பக்கம் 50 பேரும் ஆதரவு, குடியரசுக் கட்சியில் ஏழு பேர் ஆதரவு, மற்ற 43 பேர் எதிர்ப்பு. மூன்று ஓட்டில் போயிற்று. அந்த 43 பேரின் பெயரும் செனட் பதிவில் வரிசையாக இருக்கிறது. எல்லாரும் ஒரே குட்டை என்று நாம் பக்கத்தைத் திருப்பிவிட்டால் அந்தப் பட்டியலை யார் எடுத்துப் படிக்கப் போகிறார்கள்? அதனால்தான் எழுதுகிறேன், இன்னும் எழுதுவேன்.