மகளுக்கு மெலியிற பவுடர் வாங்கிக் குடுக்கலாமோ?

கேள்வி: என்ர மகள் 2009 ஏப்ரல் பிறந்தவ, ஓ.எல் சோதினை எழுதிட்டு நிக்கிறா. உடம்பு நல்லா வைச்சிட்டுது. சொந்தக்காரர் காணுற இடமெல்லாம் "என்ன பிள்ளை இப்பிடி ஊதிப்போனாய்" எண்டு கேக்கினம், இந்தமுறை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கே வரமாட்டன் எண்டிட்டா. ரியூசனுக்குக் குடுத்துவிடுற சாப்பாடும் அப்பிடியே திரும்பி வருது. பேஸ்புக்கில மெலியிற பவுடர் ஒண்டு விக்கினம், வாங்கலாமோ?
- ஒரு அம்மா, ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, முதல் பவுடர் கதையை முடிப்பம். வாங்காதேங்கோ. உந்தமாதிரிச் சாமானுகளுக்குள்ள சிபுட்ராமின் எண்ட மருந்தைப் பேர் போடாமல் கலந்து விக்கிறது எத்தினையோ நாட்டில பிடிபட்டிருக்கு, மாரடைப்பும் பாரிசவாதமும் வருது எண்டு 2010 இலேயே ஐரோப்பாவிலயும் அமெரிக்காவிலயும் நிப்பாட்டின மருந்து அது. பெட்டியில மூலிகை எண்டுதான் போட்டிருக்கும்.

2009 ஏப்ரல் எண்டு எழுதியிருக்கிறியள். அதுக்கு முந்தின மாசங்களில சண்டைக்குள்ள வயித்தில பிள்ளையோட எங்கயெங்க ஓடியிருப்பியள், என்னத்தைச் சாப்பிட்டிருப்பியள் எண்டு வன்னிச் சனத்துக்கு ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. நெதர்லாந்தில 1944-45 மாரிக்குள்ள ஜேர்மன்காரர் சாப்பாட்டை மறிச்சுப் பெரிய பஞ்சம் வந்தது, அப்ப வயித்தில இருந்த பிள்ளையளை அவை வளந்து பெரியாக்களானபிறகு ஆராய்ச்சிக்காரர் தேடிப்பிடிச்சு சோதிச்சுப் பாத்தவை, ரத்தத்தில சீனி ஏறுற தன்மை அவைக்குக் கூடவா இருந்தது. கருவில பட்டினி கிடந்த உடம்பு கிடைக்கிறதைச் சேத்து வைக்கப் பழகிப்போகுது எண்டொரு விளக்கம் இருக்கு. உங்கட பிள்ளைக்கும் அதுதான் எண்டு நான் அடிச்சுச் சொல்லேல்ல, பரம்பரை, ஹோர்மோன், நித்திரை, சாப்பாடு எண்டு கனக்கச் சேந்துதான் உடம்பு. ஆனா வாயைக் கட்டத் தெரியாத பிள்ளை எண்டு சொல்லுற மாமிமாருக்கு இதை ஒருக்கா சொல்லிவிடுங்கோ. (சண்டை முடிஞ்சு முகாமில இதே பிள்ளையைப் பாத்து எலும்பும் தோலுமா இருக்கு எண்டு சொன்னதும் அவையாத்தான் இருக்கும்!)

நக்கலடிச்சா மெலியும் எண்டு நினைக்கிறது பிழை. நக்கல் கேட்டு வளருற பிள்ளையள் பகல் முழுக்கப் பட்டினி கிடந்திட்டு இரவில ஒளிச்சுச் சாப்பிடுறது, பிறகு இன்னும் நிறை கூடுறது, இது ஆராய்ச்சியளில திரும்பத் திரும்ப வந்த விசயம். சாப்பாட்டுப்பெட்டி திரும்பி வாறதுதான் எனக்குப் பயமா இருக்கு, நிறை இல்லை. சாப்பிட்டிட்டு சத்தி எடுக்கிறாவோ, தலை சுத்துது எண்டு சொல்லுறாவோ எண்டு சத்தமில்லாமல் கவனியுங்கோ, அப்பிடியெண்டா உடன டொக்டரிட்டக் காட்டோணும்.

கழுத்துக்குப் பின்னால, கக்கத்தில கறுத்து வெல்வெட் மாதிரித் தடிச்சிருக்கோ? ஊத்தை எண்டு பீர்க்கங்காய்த் தும்பால உரஞ்சாதேங்கோ பாவம், அது கனக்கப் பிள்ளையளுக்கு இன்சுலின் சரியா வேலை செய்யேல்ல எண்டதுக்கு அடையாளம். மாதவிடாய் மாசக்கணக்காப் பிந்துறதெண்டா அதையும் சொல்லோணும். முல்லைத்தீவு மாஞ்சோலை ஆஸ்பத்திரியில காசில்லாமல் காட்டலாம், சீனி, தைரொயிட் எல்லாம் பாக்கவேணுமோ எண்டு கேளுங்கோ. நிறையையும் உயரத்தையும் வைச்சுப் பாக்கிற பெரியாக்களின்ர பி.எம்.ஐ கணக்கை இந்த வயசுக்கு அப்பிடியே போடேலாது, வயசுக்கேத்த சார்ட் வேற இருக்கு. டொக்டர் ஒண்டும் பாக்காமல் "நிறையைக் குறை" எண்டு மட்டும் சொல்லி அனுப்பினா எழும்பி வராதேங்கோ, சீனி பாத்துத் தாங்கோ எண்டு கேளுங்கோ. மெலிஞ்ச ஆக்களும் எத்தினைபேர் எங்கட கிளினிக்குகளில சீனி வருத்தத்துக்கு வரிசையில நிக்கினம், அவையை ஒருத்தரும் பேசுறேல்ல.

வீட்டில தனிச் சமையல் வேண்டாம். தமையன் மெலிவெண்டு அவனுக்கு சோடா, இவவுக்குப் பச்சைத்தண்ணி எண்டு வைக்காதேங்கோ, தேத்தண்ணிக்குச் சீனி குறைக்கிறதெண்டா எல்லாருக்கும் குறையுங்கோ. முந்தி மண்ரோட்டில சைக்கிள் உழக்கின சனம் காப்பெட் ரோட்டு வந்தபிறகு சந்திக்கடைக்கும் ஸ்கூட்டியில போகுது, பின்னேரத்தில நீங்களும் மகளுமா சைக்கிள் எடுத்தா நல்லம், ஆனா மெலியிறதுக்கு எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ.

பொங்கலுக்கு இப்ப இருக்கிற அளவுக்கு நல்லதா ஒரு சட்டை தைப்பியுங்கோ, மெலிஞ்சாப்பிறகு போடலாம் எண்டு சின்னன் எடுக்காமல். கோயிலில ஆரும் தொடங்கினா பிள்ளை வாய் திறக்க முதல் நீங்கள் சொல்லுங்கோ, "அக்கா, அவவின்ர உடம்பைப் பற்றிக் கதைக்கிறதெண்டா நாங்கள் அங்கால போறம்" எண்டு. கோவிச்சா கோவிக்கட்டும்.