குடல் பாக்டீரியா – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நுண்ணுயிர்கள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். எனக்கு நாற்பது வயது. சொல்லிக்கொள்ளும்படி எந்த நோயும் இல்லை. ஓர் ஆர்வத்தில் குடல் பாக்டீரியா பரிசோதனை செய்துகொண்டேன். ஆறு மாதம் கழித்து மறுபடியும் செய்தால் அறிக்கை வேறு மாதிரி வருகிறது. 30 சதவீதம் இருந்த பாக்டீராய்டஸ் என்ற பாக்டீரியா வகை இப்போது 18. சில பெயர்களைக் காணவே காணோம். இடையில் பல் வலிக்காக ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். நல்ல பாக்டீரியா அழிந்துவிட்டதா? உயிருள்ள நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் மாத்திரை போட்டால் திரும்பி வருமா? நோயில்லாத ஒருவருக்கு இவையெல்லாம் எங்கிருந்து வந்து சேர்கின்றன, எவ்வளவு காலம் தங்குகின்றன?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த எண்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஒரே ஆளின் மலத்தை இன்றும் நாளையும் சோதித்தாலே சதவீதம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஒரு வகை பெருகினால் மற்றவை ஒன்றுகூடச் சாகாமலே பங்கில் குறைந்துபோகும். வயிறு இளகியிருந்ததா, மலச்சிக்கலா என்பதுகூட அறிக்கையை மாற்றும். நீங்கள் கேட்டவற்றில் எனக்குப் பிடித்த கேள்வி கடைசியில் இருக்கிறது: யார் வருகிறார்கள், யார் தங்குகிறார்கள்?

பிறந்த சில மணி நேரத்திலேயே குடியேற்றம் தொடங்கிவிடுகிறது. சுகப்பிரசவம் என்றால் தாயின் பிறப்புப் பாதையிலிருந்தும் மலத்திலிருந்தும் பாக்டீரியா வருகிறது. சிசேரியன் என்றால் தோலிலும் சுற்றுப்புறத்திலும் இருப்பவை முந்திக்கொள்கின்றன. பாக்டீராய்டஸ் வந்து சேரத் தாமதமாகிறது. குழந்தையின் குடலில் அப்போது கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கும். அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாழத் தெரிந்த ஈ.கோலை போன்றவை முதலில் வந்து அதைத் தீர்த்துவிடுகின்றன. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளரும் பிஃபிடோபாக்டீரியாக்கள் அதன் பிறகு பெருகுகின்றன. 1885-இல் தியோடர் எஷெரிக் குழந்தைகளின் மலத்தில்தான் ஈ.கோலையைக் கண்டுபிடித்தார். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் ஹென்றி டிஸ்ஸியே, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்திலிருந்து பிஃபிடோவைப் பிரித்தெடுத்தார்.

தாய்ப்பாலில் ஒரு விசேஷம் உண்டு. லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாக அதில் அதிகம் இருக்கும் திடப்பொருள், குழந்தையால் செரிக்கவே முடியாத ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலிகள். அவை அப்படியே பெருங்குடலுக்கு இறங்குகின்றன. அங்கே காத்திருக்கும் பிஃபிடோ அவற்றைத் தின்று பெருகுகிறது. ஒரு தாயின் உடல் தன் பிள்ளைக்குச் சமைக்கும்போதே அதன் குடல் பாக்டீரியாவுக்கும் சேர்த்துச் சமைக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

பால் நின்று திட உணவுக்கு மாறியதும் கூட்டம் மாறுகிறது. நார்ச்சத்தைப் பிரிக்கத் தெரிந்தவை மேலே வருகின்றன. ஏறக்குறைய மூன்று வயதில் அது பெரியவர்களின் குடலைப் போல ஆகிவிடும். பெரியவர்களின் பெருங்குடலில் ஒரு கிராமுக்குப் பத்தாயிரம் கோடி அளவில் பாக்டீரியா இருக்கும். உடல் முழுவதும் சேர்த்து சுமார் 38 லட்சம் கோடி என்று 2016-இல் வந்த கணக்கு சொல்கிறது. எல்லாவற்றையும் எடை போட்டால் 200 கிராம்தான்.

சரி, தங்குகின்றனவா? பெரும்பாலும் தங்குகின்றன. 2013-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி கார்டனின் குழு 37 அமெரிக்கர்களின் மலத்தை ஐந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து ஆராய்ந்தது. பாக்டீரியா இனத்தின் பெயரோடு நிற்காமல், அந்த இனத்துக்குள்ளே எந்த வம்சம் என்றும் பார்த்தார்கள். சுமார் 60 சதவீத வம்சங்கள் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கேயே இருந்தன. இடத்தையும் உணவையும் முதலில் பிடித்தவை பின்னால் வருபவற்றை எளிதில் விடுவதில்லை. சில நோய்க்கிருமிகள் நம் குடலில் வேர்விட முடியாமல் போவதற்கும் இந்தப் பிடிவாதம் ஒரு முக்கியக் காரணம்.

அளவு மட்டும் சட்டென்று மாறும். 2014-இல் வந்த இன்னோர் ஆய்வில் பத்துப் பேர் ஐந்து நாட்களுக்கு இறைச்சி, முட்டை, பாலாடைக்கட்டி மட்டுமே சாப்பிட்டார்கள். அந்த உணவு குடலை எட்டிய ஒரே நாளில் கூட்டம் மாறத் தொடங்கியது. பித்தநீரைத் தாங்குபவை கூடின, தாவர நாரைப் பிரிப்பவை குறைந்தன. பழைய உணவுக்குத் திரும்பிய இரண்டே நாளில் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிட்டது. உங்கள் 30-க்கும் 18-க்கும் நடுவே இப்படி ஏதாவது இருந்திருக்கலாம்.

ஆன்டிபயாடிக் விஷயம் வேறு, அதை லேசாகச் சொல்ல மாட்டேன். 2018-இல் வந்த ஓர் ஆய்வில் நோயில்லாத 12 ஆண்களுக்கு மூன்று வலுவான ஆன்டிபயாடிக்குகளை நான்கு நாட்கள் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒன்றரை மாதத்தில் பெரும்பகுதி மீண்டுவிட்டது. ஆனால் முன்பு எல்லோரிடமும் இருந்த ஒன்பது இனங்கள், பெரும்பாலானவர்களிடம் ஆறு மாதம் கழித்தும் தென்படவில்லை. பல் வலிக்கு நீங்கள் சாப்பிட்டது அவ்வளவு கடுமையானதாக இருந்திருக்காது. உங்கள் அறிக்கையில் காணாமல் போன பெயர்கள் இரண்டு விதமாக இருக்கலாம்: உண்மையிலேயே போனவை, சோதனைக்கு எட்டாத அளவுக்குக் குறைந்தவை. ஒரே ஓர் அறிக்கையால் இதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

புரோபயாடிக்குக்கு அவசரப்பட வேண்டாம். அதே 2018-இல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தினர், ஆன்டிபயாடிக் முடித்தவர்களில் ஒரு பகுதியினருக்கு 11 வம்சங்கள் அடங்கிய புரோபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களைவிடச் சும்மா விடப்பட்டவர்களின் குடல் விரைவாக மீண்டது. மாத்திரை எடுத்தவர்களுக்குத்தான் தாமதமானது. சிறிய ஆய்வுதான். வேறு சில நிலைமைகளில் புரோபயாடிக் உதவுகிறது என்பதற்கும் ஆதாரம் உண்டு. ஆனால் நோயே இல்லாத நீங்கள் ஓர் அறிக்கையை நம்பி மாத்திரை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். எஞ்சியிருப்பவை பெருக அவற்றுக்கு நார்ச்சத்து வேண்டும், கொஞ்சம் காலமும் வேண்டும்.

ஒரு கடைசி விஷயம். நோயில்லாத இரண்டு பேரை எடுத்துக்கொண்டாலே அவர்களின் பாக்டீரியாப் பட்டியல் பெரிதும் வேறுபடும். 2012-இல் 242 பேரை ஆராய்ந்தபோதும் இதைத்தான் பார்த்தார்கள். பெயர்கள் ஆளுக்கு ஆள் மாறினாலும் அவை செய்யும் வேலைகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஆகவே உங்கள் அறிக்கையை இன்னொருவருடையதோடு ஒப்பிடாதீர்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, நாள்கணக்கில் நிற்காத வயிற்றுப்போக்கு என்று ஏதாவது வந்தால் மருத்துவரிடம் போங்கள். அங்கே இந்தச் சதவீதங்களைவிட உங்கள் தொந்தரவைத்தான் அவர் முதலில் கேட்பார்.

அன்புடன்.