மென்பொருளே ஆட்டிவிட்டால் பையனுக்கு என்ன வேலை?

ஐயா, வணக்கம்.

குமாரபாளையத்திலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். பிளஸ் டூ படிக்கும் மகன், திரையில் எழுத்தையும் படத்தையும் அசைய வைக்கும் மோஷன் கிராபிக்ஸ்தான் படிப்பேன் என்கிறான். மைத்துனரின் கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் அவன் வேலை செய்வதைப் பின்னால் நின்று பார்த்திருக்கிறீர்கள். பட்டியலில் இருந்து எதையோ இழுத்து எழுத்தின் மேல் போட்டான், எழுத்து தானாக ஆட ஆரம்பித்துவிட்டது. "எல்லாத்தையும் கம்ப்யூட்டரே ஆட்டிருதுங்க, அப்புறம் இவனுக்கு எவன் சம்பளம் குடுப்பான்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

அவன் இழுத்துப் போட்டதற்குப் பிஹேவியர் என்று பெயர். ஆப்பிளின் மோஷன் மென்பொருள் 2004-இல் வந்ததிலிருந்தே அதில் இருக்கிறது. இடம், அளவு, சுழற்சி, வெளிச்சம் என்று எண்ணால் சொல்லக்கூடிய எல்லாமே அங்கே பாராமீட்டர். அந்த எண்ணை நேரத்தோடு மாற்றினால் அசைவு. இந்த நொடியில் இந்த எண் என்று ஒவ்வொரு இடமாகக் குறித்து வைப்பது கீஃபிரேம். எண் எப்படி மாற வேண்டும் என்று விதி சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது பிஹேவியர்.

சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் 0 டிகிரி, 60-ஆம் நொடியில் 360 டிகிரி என்று இரண்டு கீஃபிரேம் வைத்தால் முள் ஒரு சுற்று சுற்றும். விளம்பரம் 90 நொடி என்று வாடிக்கையாளர் மாற்றிச் சொன்னால், 60-இல் முள் நின்றுபோகும். ரேட் என்ற பிஹேவியரில் நொடிக்கு 6 டிகிரி என்று ஒரே எண். வீடியோ எவ்வளவு நீண்டாலும், நேரக் கோட்டில் பிஹேவியரைக் காட்டும் பட்டையையும் கூடவே இழுத்துவிட்டால் போதும். (முள் பின்னோக்கி ஓடினால் எண்ணுக்கு முன்னால் ஒரு மைனஸ்.) ஆனால் இந்த முள் வழுக்கிக்கொண்டே போகும், டிக் டிக் என்று தாவாது. தாவ வேண்டுமென்றால் அதே சுழற்சியின் மேல், அசைவைப் படிப்படியாக வெட்டும் குவாண்டைஸ் என்ற பிஹேவியரைப் போட்டு, படி 6 என்று வைக்க வேண்டும். அடோபியின் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் இதற்கு எக்ஸ்பிரஷன் என்ற சின்னச் சூத்திரம் எழுதுவார்கள்: நேரத்தை 6-ஆல் பெருக்கு. தாவுவதற்கு, தசமத்தை வெட்டிவிட்டுப் பெருக்கு. முள் வழுக்க வேண்டுமா, தாவ வேண்டுமா என்பதை எந்த மென்பொருளும் கேட்காது. அது ஆள் எடுக்கும் முடிவு.

உங்கள் ஊர்த் தறியில் ஜக்கார்டு ஓடும்போது பாவு இழை தானாகத்தான் ஏறி இறங்குகிறது. அதற்காக, டிசைனுக்கு ஏற்ப ஓட்டை போட்டு அட்டை குத்தியவர் கூலி வாங்காமலா போனார்?

வாக்கு எண்ணிக்கை நாளை நினைத்துப் பாருங்கள். 234 தொகுதி. டிவி திரையில் அரூர் என்ற பெயருக்கும் டாக்டர் ராதாகிருஷ்ணன் நகர் என்ற பெயருக்கும் பின்னால் ஒரே அளவுப் பட்டை பொருந்தாது. செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்து இழுத்துச் சரிசெய்ய யாருக்கு நேரம்? பெயரின் நீளத்தை அளந்து பட்டையின் அகலத்தை அதோடு கோத்துவிட வேண்டும். யாராவது ஒருவர் அதை முன்கூட்டியே கட்டி வைத்திருக்க வேண்டும். சம்பளம் அந்த ஒருவருக்குத்தான். ரெடிமேடாக இருப்பதை இழுத்துப் போட மட்டும் தெரிந்தவருக்கு நிலைமை நல்லபடியாக இல்லை, அதையும் உங்களிடம் மறைக்க மாட்டேன்.

தம்பி அனுப்பிய 40 நொடி வீடியோவையும் பார்த்தேன். பெயர் நடுங்குகிறது, லோகோ நடுங்குகிறது, ஓரத்தில் இருக்கும் பூகூட நடுங்குகிறது. எண்ணைத் தாறுமாறாக மாற்றும் ரேண்டமைஸ் என்ற பிஹேவியரைக் கண்டுபிடித்த சந்தோஷம், வயசு அப்படி. அகல் விளக்கு வரும் இடம் மட்டும் நல்ல யோசனை. சுடரின் வெளிச்சத்தை ஆட விட்டிருக்கிறான், ஆனால் பழைய ட்யூப்லைட் மாதிரி வெட்டுகிறது. ரேண்டமைஸை எடுத்துவிட்டு, அதையே நிதானமாகச் செய்யும் ரிக்கிளைப் போட்டு, அளவைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் பூஜை அறையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து உண்மையான சுடரைப் பார்க்கட்டும்.

கணக்கு, இயற்பியல் இனிமேல் எதற்கு என்று கேட்கிறானாம். பிளஸ் ஒன் இயற்பியலில் 'அலைவுகள்' பாடத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். வீச்சு, அதிர்வெண், கட்டம் என்று அங்கே படித்த மூன்றும், முன்னும் பின்னும் ஊசலாட்டும் ஆஸிலேட் பிஹேவியருக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. பத்துக் கோடுகளுக்கு ஒரே ஆஸிலேட்டைப் போட்டு, கட்டத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைத்தால் அலை உருண்டு போகும். பிளஸ் டூ மதிப்பெண்ணை விட்டுவிட்டு மென்பொருள் பழகுவதில் எனக்குச் சம்மதமில்லை.

பணம். நீங்கள் எழுதியிருக்கும், ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கும் மோஷன் கிராபிக்ஸ் வகுப்பில் இப்போது சேர்க்காதீர்கள். ரெடிமேட் தொகுப்புகளை அடுக்கத்தான் சொல்லித்தருகிறார்கள் என்று அவர்கள் பாடத்திட்டத்திலேயே தெரிகிறது. மேக் வாங்கவும் வேண்டாம். மோஷன் மேக்கில் மட்டும்தான் ஓடும், ஆனால் பழக வேறு வழி உண்டு. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே மோஷன் கிராபிக்ஸ் செய்யும் ஃபியூஷன் பகுதி இருக்கிறது, பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருள் முழுக்க இலவசம். அசைவைத் தானாக ஓட்டும் வசதி இரண்டிலும் உண்டு. மைத்துனரின் ஸ்டுடியோவும் இருக்கிறது.

படிப்புக்கு ஐஐடி மும்பை நடத்தும் யூசீட் என்ற டிசைன் நுழைவுத் தேர்வு, அகமதாபாத் தேசிய டிசைன் கல்வி நிறுவனமான என்ஐடியின் தேர்வு இரண்டையும் எழுதட்டும், எந்தப் பிரிவில் படித்தவரும் எழுதலாம். ஓவியம் பழக வேண்டும். கிடைக்காவிட்டால் தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் இருக்கும் அரசு திரைப்பட நிறுவனத்தின் அனிமேஷன் படிப்பைப் பாருங்கள், அடுத்து நல்ல கல்லூரியில் விஸ்காம் என்ற காட்சித் தொடர்பியல் படிப்பு.

இந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் கடிகாரம் ஒன்று செய்யச் சொல்லுங்கள். மூன்று முள், 90 நொடி. ஒரு முறை கீஃபிரேமில், ஒரு முறை பிஹேவியரில். வீடியோ வேண்டாம், மூலக் கோப்பையே அனுப்பட்டும். திறந்து பார்த்துவிட்டு உங்களுக்குப் போன் செய்கிறேன்.