விக்டோரியா காலத்து மருத்துவர்கள் சந்தித்த மிகப் பெரிய சவால் எது?

மருந்தும் கருவியும் போதாமல் இருந்ததுதான் பெரிய சவால் என்று பலரும் சொல்வார்கள். அறுவை அரங்கில் செவிலியராகப் பணிபுரியும் எனக்கு வேறொன்றுதான் பெரிதாகத் தெரிகிறது. தங்கள் கைகளே நோயாளியைக் கொல்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒருவர் எடுத்துச் சொன்னபோதும் நம்ப முடியவில்லை.

1846 டிசம்பர் 21 அன்று லண்டனில் ராபர்ட் லிஸ்டன் என்ற அறுவை மருத்துவர் ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுத்து ஒருவரின் காலைத் துண்டித்தார். அதுவரை நோயாளியை நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, யார் வேகமாக அறுக்கிறாரோ அவரே சிறந்த மருத்துவர். அன்றும் அரை நிமிடத்துக்குள் கால் தனியே வந்துவிட்டது. விழித்த நோயாளி, "எப்போது தொடங்கப்போகிறீர்கள்?" என்று கேட்டாராம். மறு ஆண்டே எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் என்ற மருத்துவர் குளோரோஃபார்ம் என்ற இன்னொரு மயக்க மருந்தைப் புகுத்தினார்.

வலி போனதும் துணிச்சல் வந்தது. முன்பு தொட அஞ்சிய இடங்களிலெல்லாம் கத்தி வைத்தார்கள். அறுவை நல்லபடியாக முடியும். சில நாட்களில் காய்ச்சல் காணும், புண் அழுகும், நோயாளி இறந்துபோவார். கெட்ட காற்றுதான் காரணம் என்று பெரும்பாலோர் நம்பினார்கள். இரத்தம் காய்ந்து விறைத்த பழைய கோட்டை மாட்டிக்கொண்டே அடுத்தவருக்கும் அறுவை செய்தார்கள். கெட்டியான வெள்ளைச் சீழ் வந்தால், புண் ஆறுகிறது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு.

சிம்சனே பின்னாளில் ஒரு கணக்கெடுத்தார். கை கால் துண்டிக்கப்பட்டவர்களில், பெரிய மருத்துவமனைகளில் 2,089 பேருக்கு 855 பேர் இறந்திருந்தார்கள். கிராமப்புறங்களில் 2,098 பேருக்கு 226 பேர்தான். மருத்துவமனைக்கு வராமல் இருந்தாலே பிழைத்திருப்பார்கள் என்ற நிலை! இந்த எண்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும்.

கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர், நுண்ணுயிர்களால்தான் பொருட்கள் அழுகுகின்றன என்ற பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்டரின் ஆய்வைப் படித்துவிட்டு, புண்ணும் அப்படித்தான் அழுகுகிறது என்று ஊகித்தார். 1865 ஆகஸ்டில் காலில் வண்டிச் சக்கரம் ஏறி, எலும்பு முறிந்து தோலும் கிழிந்த நிலையில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். அந்நாளில் இத்தகைய காலை வெட்டிவிடுவதுதான் வழக்கம். லிஸ்டர் நுண்ணுயிர்களைக் கொல்லும் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் கட்டுப்போட்டார். நான்கு நாள் கழித்துப் பிரித்தபோது சீழ் இல்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. அதற்குமுன் அவர் உறுப்பு துண்டித்த 35 பேரில் 16 பேர் இறந்திருந்தார்கள். புதிய முறைக்குப் பிறகு 40 பேரில் 6 பேர்.

இவ்வளவுக்குப் பிறகும் எதிர்ப்பு ஓயவில்லை. எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றவர் அதே சிம்சன். அவரை மூடர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்ப வேண்டும். நம்பினால், இத்தனை காலம் தன்னிடம் வந்து இறந்தவர்களுக்கெல்லாம் தானே பொறுப்பு என்று ஏற்க வேண்டும். எந்த மருத்துவருக்கு அது எளிது?

1877இல் லிஸ்டர் லண்டனுக்கு வந்தார். அங்கே, தோல் கிழியாமல் உடைந்திருந்த முழங்கால் சில்லை, வேண்டுமென்றே திறந்து கம்பியால் இணைத்தார். மூடிய முறிவைத் திறப்பது உயிரோடு விளையாடுவது என்று கருதப்பட்ட காலம் அது. அவர்மீது வழக்குத் தொடர வேண்டும் என்றுகூடச் சொன்னார்கள். புண் சீழ் பிடிக்காமல் ஆறியது. அதன் பிறகுதான் லண்டன் மருத்துவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அவர் முறைக்கு மாறத் தொடங்கினார்கள்.