டாக்டரைக் கேளுங்க: "ஓட்ஸ் சாப்பிடுங்கம்மா"

கேள்வி: எங்க அம்மா நாலு வீட்ல பாத்திரம் தேய்க்குறாங்க, 7 வருஷமா சுகர். போன மாசம் செக்கப்புக்கு கூட்டிட்டு போனேன். டாக்டர் ரிப்போர்ட்ட பாத்துட்டு மாத்திரைய ஒழுங்கா போடுறதில்லையா, சோத்த நிறுத்துங்க, ஓட்ஸ் சாப்பிடுங்க, தினமும் வாக்கிங் போங்கன்னு எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டாரு. அம்மா வெளிய வந்து அழுதுட்டாங்க. ஏழைங்க கஷ்டம் என்னன்னு டாக்டருங்களுக்கு படிப்புல சொல்லியே தர மாட்டாங்களா சார்?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: சொல்லித்தருவாங்கம்மா, அதுதான் வேடிக்கையே. குப்புசாமி ஸ்கேல்னு ஒண்ணு இருக்கு, 1976-ல வந்தது, குடும்பத் தலைவரோட படிப்பு, தொழில், குடும்ப வருமானம் மூணுக்கும் மார்க் போட்டு கூட்டி இவங்க இன்ன வர்க்கம்னு எழுதணும், நானும் மாணவனா இருந்தப்போ வீடு வீடா போய் எழுதிருக்கேன். கூட்டி எழுதுனதோட சரி, அந்த வீட்ல காலைல எத்தன மணிக்கு அடுப்பு பத்த வைப்பாங்கன்னு கேக்க எனக்கு தோணுனதே இல்ல.

பின்னாடி ஒரு அம்மாவ நானும் உங்க டாக்டர் மாதிரியே திட்டிருக்கேன், மாத்திரைய ஏன் விட்டீங்கன்னு. அவங்க மெதுவா சொன்னாங்க, "விடிகாலைல வேலைக்கு கிளம்பிருவேன் சார், மொத சாப்பாடே பதினோரு மணிக்குத்தான், மாத்திரைய போட்டா கை நடுங்குது, கண்ண இருட்டுது, அதான் போடல". அவங்களுக்கு எழுதிருந்தது கிளிமிபிரைடு. அத போட்டுட்டு சாப்பிடாம வேலை செஞ்சா சுகர் கீழ இறங்கி மயக்கமே வரும். ஆக அவங்க அலட்சியமா இல்ல, உசுர காப்பாத்திக்கிட்டு இருந்தாங்க, அது புரியாம சீட்டெழுதினது நான்தான். உங்க அம்மாவுக்கும் இப்படி ஏதும் இருக்கான்னு கேட்டுப் பாருங்க. இருந்தா அடுத்த தடவ மொத வார்த்தையா டாக்டர்கிட்ட சாப்பாட்டு நேரத்த சொல்லுங்க, மாத்திரையவோ நேரத்தையோ மாத்த வழி இருக்கு, ஆனா நீங்களா நிறுத்தாதீங்க.

நாலு வீட்டு வேலை செஞ்சவங்கள வாக்கிங் போகச் சொல்றத பத்தி நான் என்னத்த சொல்ல! ஓட்ஸும் வேணாம். சோத்துல ஒரு கரண்டி குறைச்சு, கீரையோ முட்டையோ சுண்டலோ கூட வச்சா போதும், ரேஷன்ல வர்ற துவரம்பருப்ப சாம்பார் தண்ணியா இல்லாம கெட்டியா வைக்கச் சொல்லுங்க.

சாப்பாடும் மருந்து மாதிரிதான்னு நான் சும்மா சொல்லல. ஜார்க்கண்ட்ல டிபி நோயாளிங்க வீட்ல இருக்கவங்களுக்கு ஆளுக்கு மாசம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, கூட சத்து மாத்திரையும் குடுத்து பாத்தாங்க. குடுக்காத வீடுகளோட ஒப்பிட்டா புதுசா டிபி வர்றது 39 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு, 2023-ல அந்த முடிவு வந்துச்சு. டிபிக்கும் பசிக்கும் இருக்குற சம்பந்தத்த டாக்டருங்க ரொம்ப காலமாவே பேசிட்டுதான் இருக்கோம், ஆனா சீட்டுல அரிசின்னு எழுத யாருக்கும் கை வரல.

இன்னொன்னு, மாத்திரை வாங்க லைன்ல நின்னா அம்மாவுக்கு அரை நாள் கூலி போகும்ல? 2021-ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு நடக்குது, சுகர், பிபி மாத்திரைய வீட்டுக்கே கொண்டு வந்து தருவாங்க, பக்கத்துல இருக்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பேர குடுத்து வைங்க, அம்மா வீட்ல இருக்குற நேரம் எதுன்னும் சேத்து சொல்லிருங்க, இல்லாட்டி பூட்டுன வீட்ட பாத்துட்டு திரும்பி போயிருவாங்க.